78 கைகள் தேவை: ஜிம்பாப்வே ரொடீசியா என்ற ஆறு மாத நாடு

1979 ஜூன் 1 அன்று பிறந்து, அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று தானாகவே கடையைக் கட்டிய ஒரு நாடு உண்டு. பெயர் ஜிம்பாப்வே ரொடீசியா. பாராளுமன்றம், கறுப்பினப் பிரதமர், கறுப்பினக் குடியரசுத் தலைவர், ராணுவம், விமானப்படை எல்லாம் அதற்கு இருந்தன. செப்டம்பரில் புதுக் கொடியும் வந்தது. அங்கீகாரம் மட்டும் வரவே இல்லை. பணமும் எண்ணெயும் ஆயுதமும் கொடுத்துத் தாங்கிப் பிடித்த தென்னாப்பிரிக்காகூட முறைப்படி அதை ஒரு நாடாக ஏற்கவில்லை.

இந்த நாடு ஏன் நிலைக்கவில்லை என்று கேட்டால் இரண்டு பதில்கள் வழக்கமாகக் கிடைக்கும். பிரிட்டனும் அமெரிக்காவும் கைவிட்டன, அங்கீகாரம் கிடைத்திருந்தால் பிழைத்திருக்கும் என்பது ஒன்று. அது வெறும் பொம்மை அரசு, பேசவே தகுதியில்லாதது என்பது மற்றொன்று. இரண்டுமே எனக்குப் போதவில்லை. 18 லட்சத்துக்கும் மேலானோர் வரிசையில் நின்று வாக்களித்து உருவான அரசை பொம்மை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. அந்த வாக்குகள் கையில் இருந்தும் அந்த அரசால் ஏன் எதையும் செய்ய முடியவில்லை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கான பதிலில் பெரும்பகுதி அதன் அரசியல் சாசனத்திலேயே எழுதப்பட்டிருந்தது.

எங்கிருந்து வந்தது

தெற்கு ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) 1923 முதல் உள்நாட்டு நிர்வாகத்தைத் தானே பார்த்துக்கொண்ட பிரிட்டிஷ் காலனி. நிர்வாகம் என்றால் அங்கே குடியேறிய வெள்ளையரின் நிர்வாகம். 1930 நிலச் சட்டம் நாட்டை இனவாரியாகக் கூறு போட்டது. 1969 சட்டம் அதையே இன்னும் இறுக்கி, இரு தரப்புக்கும் சுமார் 4.5 கோடி ஏக்கர் வீதம் ‘சமமாக’ப் பிரித்தது. ஒரு பக்கம் இரண்டரை லட்சம் சொச்சம் பேர், மறுபக்கம் கிட்டத்தட்ட அரைக் கோடி மக்கள். அந்தச் சமத்தை வாசகரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அறுபதுகளில் பிரிட்டன் தன் ஆப்பிரிக்கக் காலனிகளை ஒவ்வொன்றாக விட்டபோது, பெரும்பான்மை ஆட்சிக்கு வழி செய்யாமல் சுதந்திரம் இல்லை என்று இவர்களிடம் சொன்னது. பிரதமர் இயான் ஸ்மித் 1965 நவம்பர் 11 அன்று ஒருதலைப்பட்சமாகச் சுதந்திரப் பிரகடனம் செய்தார். ஐ.நா. பாதுகாப்பு சபை 1966இல் கட்டாயப் பொருளாதாரத் தடை விதித்து, 1968இல் அதை முழுமையாக்கியது. தென்னாப்பிரிக்கா வழியாகவும், போர்த்துகீசியர் கையில் இருந்த மொசாம்பிக் வழியாகவும் எண்ணெயும் சரக்கும் வந்துகொண்டே இருந்ததால் ஸ்மித் தாக்குப்பிடித்தார்.

1975இல் மொசாம்பிக் விடுதலை பெற்றது. அதோடு கதை மாறியது. கிழக்கு எல்லை முழுவதும் ராபர்ட் முகாபேயின் ஜானு இயக்கப் போராளிகளுக்குத் திறந்துவிட்டது. மேற்கிலும் வடக்கிலும் ஜாம்பியாவைத் தளமாகக் கொண்டு ஜோஷுவா என்கோமோவின் ஜாபு இயக்கம் போரிட்டது. 1976இல் இரண்டும் தேசபக்த முன்னணி என்ற பெயரில் சேர்ந்தன. சேர்ந்தன என்றால் பேச்சுவார்த்தை மேஜையில் மட்டும், காட்டில் இரு படைகளும் தனித்தனிதான். தன் எல்லையருகே முடிவில்லாத போர் நடப்பது தென்னாப்பிரிக்காவுக்கும் பிடிக்கவில்லை. ஆயிரம் ஆண்டுகளானாலும் கறுப்பினப் பெரும்பான்மை ஆட்சியை நம்பமாட்டேன் என்று 1976 மார்ச்சில் பேசிய ஸ்மித்தை, அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிங்கரும் தென்னாப்பிரிக்காவும் சேர்ந்து வழிக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் பெரும்பான்மை ஆட்சிக்குச் சம்மதம் என்றார்.

ஸ்மித் அதன் பிறகு செய்த வேலை சாமர்த்தியமானது. துப்பாக்கி வைத்திருந்தவர்களை விட்டுவிட்டு, துப்பாக்கி இல்லாத தலைவர்களோடு பேசினார். 1978 மார்ச் 3 அன்று சால்ஸ்பரியில் (இன்றைய ஹராரே) கையெழுத்தான ‘உள் ஒப்பந்தம்’ அப்படி வந்ததுதான். கையெழுத்திட்டவர்கள் நால்வர்: ஸ்மித், ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபையின் ஆயர் ஏபல் முசோரேவா, ஜானுவைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரும் பின்னர் அந்த இயக்கத்திலிருந்து ஓரங்கட்டப்பட்டவருமான எண்டபனிங்கி சித்தோலே, பாரம்பரியத் தலைவர்களின் சார்பில் ஜெரமையா சிராவ். அந்த மாதமே பாதுகாப்பு சபை இதைச் சட்டவிரோதம் என்று தீர்மானம் போட்டது.

முசோரேவாவை இங்கே சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. 1971இல் ஸ்மித்துக்கும் பிரிட்டனுக்கும் இடையே ஏற்பட்ட ஓர் உடன்பாட்டை மக்கள் ஏற்கிறார்களா என்று அறிய 1972இல் பியர்ஸ் பிரபு தலைமையில் ஒரு குழு வந்தது. ஊர் ஊராக ‘இல்லை’ என்று சொல்லவைத்த இயக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் இந்த ஆயர்தான். உடன்பாடு செத்தது. மக்கள் மறுத்தால் என்ன நடக்கும் என்று ஸ்மித்துக்குக் காட்டியவரே, ஆறு ஆண்டுகள் கழித்து அவரோடு கையெழுத்துப் போட்டார். பதவி ஆசை என்று ஒரே அடியாகச் சொல்பவர்கள் உண்டு. போரில் கிராமங்கள் இருபுறமும் அடிவாங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மதகுரு, கிடைத்ததை வாங்கிக்கொண்டு சண்டையை நிறுத்தலாம் என்று நினைத்ததிலும் ஆச்சரியம் இல்லை. இரண்டும் கலந்திருக்கும் என்றே எனக்குப் படுகிறது.

72, 28, 78

புதிய சாசனத்தின்படி கீழ்ச்சபையில் 100 இடங்கள். 72 கறுப்பினத்தவருக்கு, 28 வெள்ளையருக்கு. மக்கள்தொகையில் சுமார் நான்கு சதவீதம் இருந்தவர்களுக்கு 28 சதவீத இடம் என்பதே அதிகம்தான். ஆனால் கவனிக்க வேண்டிய எண் 28 அல்ல. பாதுகாக்கப்பட்ட ஷரத்துகளைத் திருத்த 78 வாக்குகள் வேண்டும் என்றது சாசனம். 72 கறுப்பின உறுப்பினர்களும் ஒருவர் விடாமல் கை தூக்கினாலும் ஆறு கைகள் குறையும். வெள்ளையருக்கான தொகுதிகள் அனைத்தையும் ஸ்மித்தின் ரொடீசிய முன்னணிதான் வெல்லும் என்பது எல்லோருக்கும் தெரியும், அப்படியே வென்றது. ஆக, அந்த ஆறு கைகளுக்கும் ஸ்மித்தின் கட்சியிடம்தான் போக வேண்டும்.

பாதுகாக்கப்பட்ட ஷரத்துகள் எவை? நீதித்துறை, காவல்துறை, ராணுவம், அரசுப் பணி ஆகியவற்றுக்கு ஆள் எடுக்கும் ஆணையங்களின் அமைப்பு அதில் உண்டு. அந்த ஆணையங்களில் அமர நீண்டகால உயர்பதவி அனுபவம் தேவை. அந்த அனுபவத்தைப் பெறும் வாய்ப்பு அதுவரை வெள்ளையருக்கு மட்டுமே இருந்தது. சொத்துரிமையும் அதில் அடக்கம். நிலத்தில் இன அடிப்படையிலான தடையை 1979 தொடக்கத்தில் சட்டப்படி நீக்கிவிட்டார்கள். இனி யாரும் எங்கேயும் வாங்கலாம். சரி, வாங்கப் பணம்? ஏறத்தாழ 6,000 வெள்ளை விவசாயிகள் வைத்திருந்த நல்ல நிலம் அவர்களிடமே இருந்தது. பறித்தால் இழப்பீடு தர வேண்டும், அதை அவர்கள் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லவும் உரிமை உண்டு.

இன்னொரு ஏற்பாடு: ஐந்து இடங்களுக்கு மேல் பிடித்த ஒவ்வொரு கட்சிக்கும் விகிதாசாரப்படி அமைச்சர் பதவி தர வேண்டும். 28 இடம் வைத்திருந்த கட்சிக்கு அமைச்சரவையில் நான்கில் ஒரு பங்கு உறுதி. ஸ்மித்தே இலாகா இல்லாத அமைச்சராக உள்ளே உட்கார்ந்தார். ‘எல்லா இலாகாவும் உள்ள அமைச்சர்’ என்று எதிரிகள் கேலி செய்ய வசதியாகப் போயிற்று.

இந்தச் சாசனத்துக்கு 1979 ஜனவரி 30 அன்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. கேட்கப்பட்டவர்கள் வெள்ளை வாக்காளர்கள் மட்டும். சுமார் 85 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். பெரும்பான்மை ஆட்சி வரலாமா என்று சிறுபான்மையிடம் மட்டும் கேட்டுத் தொடங்கிய நாடு அது.

தேர்தல்

ஏப்ரல் 17 முதல் 21 வரை பொதுவாக்காளர் தேர்தல், அதாவது 72 கறுப்பின இடங்களுக்கான தேர்தல். கறுப்பினத்தவருக்கு வாக்காளர் பட்டியலே கிடையாது. 18 வயது நிரம்பி, நாட்டில் இரண்டு ஆண்டு வசித்திருந்தால் போதும், விரலை மையில் தோய்த்துவிட்டு வாக்களிக்கலாம். ஜானுவும் ஜாபுவும் தடை செய்யப்பட்டிருந்தன. 1978 மே மாதத்தில் ஒருமுறை தடையை நீக்கிப் பார்த்தார்கள். செப்டம்பர் 3 அன்று ஜாபு போராளிகள் ஒரு பயணிகள் விமானத்தை ஏவுகணையால் வீழ்த்தினார்கள். தப்பியவர்களில் சிலரைத் தரையில் சுட்டுக் கொன்றார்கள். தடை திரும்ப வந்தது. 1979 பிப்ரவரியில் இரண்டாவது விமானமும் விழுந்தது. நாட்டின் பெரும்பகுதி ராணுவச் சட்டத்தின் கீழ் இருந்த நேரத்தில், கிடைத்த அத்தனை சிப்பாய்களையும் திரட்டி நடத்திய தேர்தல் இது.

18.7 லட்சம் வாக்குகள் விழுந்தன. இது 64 சதவீதம் என்று அரசு அறிவித்தது. பட்டியல் இல்லாத இடத்தில் சதவீதம் எப்படி வந்தது என்றால், வாக்களிக்கத் தகுதியுள்ளோர் சுமார் 29 லட்சம் என்ற மதிப்பீட்டை வைத்துத்தான். முசோரேவாவின் கட்சிக்கு 12 லட்சத்துக்கும் மேல், அதாவது 67 சதவீதம், 51 இடங்கள். சித்தோலேவுக்கு 12. மதபெலேலாந்து பகுதியில் ஆதரவு கொண்ட எண்டிவேனியின் கட்சிக்கு 9. சிராவின் கட்சிக்கு ஒன்றுமில்லை.

பார்வையாளர்களின் அறிக்கைகள் ஒன்றுக்கொன்று முரண். பிரிட்டிஷ் கன்சர்வேடிவ் கட்சி அனுப்பிய பாய்ட் பிரபு, இருக்கும் சூழலில் நியாயமாகவே நடந்தது என்றார். அமெரிக்காவின் ஃப்ரீடம் ஹவுஸ் குழுவும் ஏறக்குறைய அப்படியே. லிபரல் கட்சியைச் சேர்ந்த சிட்னிஸ் பிரபு இது மாபெரும் ஏமாற்று என்று எழுதினார். பாதுகாப்பு சபை ஏப்ரல் 30 அன்று 448ஆம் தீர்மானத்தில் தேர்தல் செல்லாது என்றது. 12 நாடுகள் ஆதரவு, பிரிட்டனும் அமெரிக்காவும் பிரான்ஸும் நடுநிலை.

பண்ணை முதலாளிகள் தொழிலாளர்களை லாரியில் ஏற்றி வாக்குச்சாவடிக்குக் கொண்டுபோனார்கள் என்பது உண்மை. போராளிகள் வாக்களிக்காதே என்று மிரட்டினார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும் பெரிய கூட்டம் மனமுவந்து போயிருக்கிறது என்றே நினைக்கிறேன். அவர்கள் போட்டது 78 என்ற எண்ணுக்கான வாக்கு அல்ல. ஆயர் வந்தால் சண்டை நிற்கும் என்ற வாக்கு. பிரச்சாரத்தின் மையமே அதுதான்.

ஆட்சி

மே மாத இறுதியில் ஜோசையா குமேடே குடியரசுத் தலைவரானார், முசோரேவா பிரதமரானார். பாதுகாப்பு இலாகாவையும் பிரதமரே வைத்துக்கொண்டார். காகிதத்தில் ராணுவம் அவர் கையில். நடப்பில் கூட்டுப்படைத் தளபதி பீட்டர் வால்ஸ் மாறவில்லை, நிதியமைச்சர் டேவிட் ஸ்மித் மாறவில்லை, நீதிபதிகளும் செயலர்களும் மாறவில்லை.

உள்ளேயே விரிசலும் உடனே தொடங்கியது. தேர்தலில் முறைகேடு என்று சொல்லி சித்தோலேவின் கட்சி பாராளுமன்றத்தைப் புறக்கணித்தது. ஜூனிலேயே ஜேம்ஸ் சிகெரேமா ஏழு உறுப்பினர்களோடு முசோரேவாவின் கட்சியை விட்டு வெளியேறினார். 51 என்ற பெரும்பான்மை முதல் மாதத்திலேயே போயிற்று. முசோரேவாவுக்கும் சித்தோலேவுக்கும் விசுவாசமான துணைப்படைகள் கிராமங்களில் ஆயுதத்தோடு திரிந்தன. ஜூலையில் சித்தோலே ஆதரவுத் துணைப்படையினர் பலரை அரசுப் படைகளே கொன்றன. கூட்டணிக் கட்சியின் ஆட்களைத் தன் ராணுவமே கொல்லும் பிரதமரிடம், சரணடைந்தால் பொதுமன்னிப்பு என்று அவர் சொன்னதை நம்பி எந்தப் போராளி வருவான்? வந்தவர்கள் மிகக் கொஞ்சம்.

போர் ஓயவில்லை, கூடியது. மொசாம்பிக்கின் காசா மாகாணத்தில் செப்டம்பரில் அரசுப் படைகளின் பெரிய தாக்குதல். ஜாம்பியாவில் பாலங்களைத் தகர்த்து, மக்காச்சோளம் வரும் ரயில் பாதையை மறித்தார்கள். எல்லாவற்றுக்கும் பொறுப்பு, அமைதி தருவேன் என்று வாக்கு வாங்கிய ஆயருக்கு. வெள்ளையர்களும் நம்பவில்லை, ராணுவ அழைப்பு வயது ஏறிக்கொண்டே போனது, மாதம் ஆயிரம் பேருக்கு மேல் நாட்டை விட்டுப் போனார்கள்.

அங்கீகாரம் இந்த இடத்தில்தான் உயிர்நாடியாகிறது. தடை நீங்கினால் பணம் வரும், பணம் வந்தால் ஆட்சிக்கு மதிப்பு வரும், முகாபேயும் என்கோமோவும் தனிமைப்படுவார்கள் என்பது முசோரேவாவின் கணக்கு. ஜூலையில் வாஷிங்டனுக்கும் லண்டனுக்கும் பறந்தார். அமெரிக்க செனட்டில் அவருக்கு ஆதரவு பலமாகவே இருந்தது. ஆனால் அதிபர் கார்ட்டர் ஜூன் 7 அன்றே தடையை நீக்க மறுத்திருந்தார். ஜானுவும் ஜாபுவும் பங்கேற்காத தேர்தலும், கறுப்பின மக்களிடம் கேட்காமலே வந்த சாசனமும் அவர் சொன்ன காரணங்களில் அடங்கும்.

பிரிட்டனில் மே மாதம் ஆட்சிக்கு வந்த மார்கரெட் தாட்சருக்கு மனம் முசோரேவா பக்கம்தான். நவம்பரில் காலாவதியாகும் தடை உத்தரவைப் பாராளுமன்றம் புதுப்பிக்குமா என்பது சந்தேகமே என்று ஆஸ்திரேலியாவில் வெளிப்படையாகப் பேசினார். அவரைத் திருப்பியவர் வெளியுறவு அமைச்சர் கேரிங்டன். முசோரேவாவை அங்கீகரித்தால் பிரிட்டன் மட்டும் தனியே நிற்கும், போரும் நிற்காது என்பது அவர் வாதம். ஆகஸ்ட் முதல் வாரம் லுசாகாவில் காமன்வெல்த் மாநாடு. அதற்கு முந்தைய நாள் நைஜீரியா பிரிட்டிஷ் பெட்ரோலியம் நிறுவனத்தின் சொத்துகளை நாட்டுடைமையாக்கியது. இதைவிடத் தெளிவாக ஒரு செய்தியை அனுப்ப முடியாது. தான்சானியாவின் நியரேரே, ஜாம்பியாவின் கவுண்டா, ஆஸ்திரேலியாவின் ஃபிரேசர், காமன்வெல்த் செயலாளர் ராம்பால் ஆகியோர் சேர்ந்து வடித்த உடன்பாட்டில் தாட்சரும் இணைந்தார்: புதிய சாசனம், பிரிட்டனின் மேற்பார்வையில் புதுத் தேர்தல், எல்லோரும் பங்கேற்க வேண்டும்.

கலைந்த விதம்

செப்டம்பர் 10 அன்று லண்டன் லங்காஸ்டர் மாளிகையில் பேச்சுவார்த்தை தொடங்கியது. கேரிங்டன் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே முடித்துக்கொண்டு அடுத்ததற்குப் போனார். முதலில் சாசனம், பிறகு இடைக்கால ஏற்பாடு, கடைசியில் போர்நிறுத்தம். முகாபேயும் என்கோமோவும் முரண்டு பிடித்தபோதெல்லாம், நீங்கள் வராவிட்டால் முசோரேவாவோடு மட்டும் முடித்துக்கொள்வோம் என்ற மிரட்டல் மேஜைக்கு அடியில் இருந்தது. முசோரேவாவின் அரசு உலகுக்குப் பயன்பட்டது அந்த மிரட்டலாக மட்டுமே என்றுகூடச் சொல்லலாம்.

வெள்ளையரின் தடுப்பதிகாரத்தை எடுத்துவிட்டு 20 இடங்களை மட்டும் ஏழு ஆண்டுகளுக்கு விட்டுவைக்கும் பிரிட்டிஷ் வரைவு வந்தது. முசோரேவா தலைமையில் வந்த சால்ஸ்பரி குழுவில் 12 பேர் வாக்களித்தார்கள்: 11 பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. அந்த ஒருவர் இயான் ஸ்மித். டேவிட் ஸ்மித் உட்பட மற்ற வெள்ளையர்கள் ஆயரோடு நின்றார்கள். அக்டோபர் 5 அன்று முசோரேவா ஒப்புக்கொண்டார். பிரதமர் பதவியை விட்டு இறங்கவும் சம்மதித்தார். நிலப் பிரச்சினையில் இழுபறிக்குப் பிறகு தேசபக்த முன்னணியும் வந்தது. மொசாம்பிக்கின் மச்சேலும் கவுண்டாவும் தங்கள் நாடுகள் இனித் தாங்காது என்று நெருக்கினார்கள்.

டிசம்பர் 11 அன்று பாராளுமன்றம் கூடி, சாசனத் திருத்தம் ஒன்றை நிறைவேற்றித் தன்னையே கலைத்துக்கொண்டது. இதற்கு 78 கைகள் தாராளமாகக் கிடைத்தன. மறுநாள் சோம்ஸ் பிரபு பிரிட்டிஷ் ஆளுநராக வந்திறங்கினார். பிரிட்டிஷ் சட்டப்படி 1965 முதல் நடந்தது எல்லாம் கலகம். குடியரசும் இல்லை, ஜிம்பாப்வே ரொடீசியாவும் இல்லை. சுதந்திரம் கொடுக்க வேண்டுமானால் முதலில் அது காலனியாகத் திரும்ப வேண்டும். திரும்பியது. டிசம்பர் 21 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. அன்றே பாதுகாப்பு சபை தடையை நீக்கியது.

பிப்ரவரி 1980 தேர்தலை காமன்வெல்த் சார்பில் பார்வையிட்ட குழுவுக்குத் தலைவர் இந்தியத் தூதர் ராஜேஷ்வர் தயாள். மிரட்டல் இந்த முறையும் குறைவில்லை, குறிப்பாக ஜானு செல்வாக்குள்ள பகுதிகளில். ஆனால் மார்ச் 4 அன்று வந்த முடிவு மிரட்டலால் மட்டும் விளக்கிவிடக்கூடியது அல்ல. முகாபேக்கு 63 சதவீதம், 57 இடங்கள். என்கோமோவுக்கு 20. பத்து மாதத்துக்கு முன் 12 லட்சம் வாக்கு வாங்கிய முசோரேவாவுக்கு 2.2 லட்சம், மூன்று இடங்கள்.

அங்கீகாரம் கிடைத்திருந்தால் முகாபே வந்திருக்கமாட்டார் என்று இன்றும் வாதாடுபவர்கள் இந்த எண்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். முகாபேயின் பிற்கால ஆட்சியைக் காட்டி 1979ஐ நியாயப்படுத்துவது எளிது. ஆனால் தடையை நீக்கியிருந்தால் தளபதி மாறியிருப்பாரா, நிலம் கைமாறியிருக்குமா, காட்டில் இருந்தவர்கள் ஆயுதத்தைக் கீழே வைத்திருப்பார்களா? 1979இல் வரிசையில் நின்ற அதே மக்கள் 1980இல் அதைவிட நீண்ட வரிசையில் நின்றார்கள், சுமார் 27 லட்சம் பேர். சண்டையை நிறுத்த யாரால் முடியும் என்று அவர்களுக்கு இப்போது தெரிந்திருந்தது.

ஜிம்பாப்வே 1980 ஏப்ரல் 18 அன்று விடுதலை பெற்றது. வெள்ளையருக்கான 20 இடங்கள் 1987இல் நீக்கப்பட்டன. முசோரேவாவை 1983இல் பிடித்து, விசாரணை இல்லாமல் பத்து மாத அளவுக்கு உள்ளே வைத்திருந்தது முகாபே அரசு. அப்படி வைக்க வழிசெய்த நெருக்கடி நிலை 1965 நவம்பரில் ஸ்மித் அரசு கொண்டுவந்தது. முசோரேவாவின் ஆறு மாத ஆட்சியிலும் அது அமலில் இருந்தது. முகாபேயும் 1990 வரை புதுப்பித்துக்கொண்டே போனார்.